மூன்று தரம் வேண்டாம்

கணேசலிங்கம் அதிபர் ஆவது என்று முடிவெடுத்துவிட்டார். ஒருவரிடமும் கேட்காமல் ஆவது என்றும் முடிவெடுத்துவிட்டார். முதல் முடிவில் பிழை ஒன்றும் இல்லை. இரண்டாவதுதான் மனுசனைக் கவிழ்த்தது.

அதிபர் என்றால் நாட்டுக்கு இல்லை, ஹோம்புஷ் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு. சனிக்கிழமை காலையில் மூன்று மணித்தியாலம் மட்டும் நடக்கிற பள்ளிக்கூடம். வாடகைக்கு எடுத்த ஆறு வகுப்பறை, நூற்றுப் பத்துப் பிள்ளைகள், வெளியே காருக்குள் நித்திரை கொள்ளும் தகப்பன்மார். ஆனால் லேசாக எண்ணிவிடக் கூடாது. சிட்னியில் ஒரு தமிழனுக்குக் கோயில் தலைவர் பதவிக்கு அடுத்த கதிரை அதுதான். பொங்கல் விழாவென்றால் முன்வரிசை. குத்துவிளக்கு ஏற்றப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எரிகிற மெழுகுதிரியைக் கையில் தருவார்கள்.

எட்டு வருஷமாகக் கணேசலிங்கம் உப அதிபர். உப அதிபருக்கு இரண்டு வேலை. காலையில் கேற்றைத் திறப்பது, விழா முடிவில் நன்றியுரை சொல்வது. நன்றியுரை என்றதும் சனம் எழும்பிச் சாப்பாட்டு மேசைக்குப் போய்விடும். எட்டு வருஷமும் அவர் வெறும் கதிரைகளுக்கு நன்றி சொன்னார்.

மிச்ச வேலையெல்லாம்? நேர அட்டவணை, சோதனைத் தாள், காய்ச்சல் என்று வராத ஆசிரியைக்குப் பதில் ஆள் பிடிப்பது, பிள்ளைக்குத் தமிழ் வராது என்று அழுகிற தாய்மாரைத் தேற்றுவது, அத்தனையையும் அவருடைய மனைவி தனலெட்சுமி செய்தாள். அவள் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. கிழமை நாளில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. "நாங்கள்தான் எல்லாம் செய்யிறனாங்கள்" என்று கணேசலிங்கம் ஊரெல்லாம் சொல்வார். அந்த நாங்களில் அவருடைய பங்கு எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை, அவரும் கேட்டுக்கொண்டதில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அதிபர் தேவராஜா மாஸ்டர், தான் மகளோடு இருக்க மெல்பேர்ண் போவதாகச் சொன்னார். நாலு கிழமையில் பொதுக்கூட்டம், அதில் புது அதிபர் தெரிவு.

அன்றிரவு சோறு போடும்போது தனலெட்சுமி கேட்டாள்.

"என்னங்க, அந்தப் பொறுப்புக்கு நான் நின்னா என்ன?"

கணேசலிங்கம் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. மனுசன் நல்லவர், கோபமும் கிடையாது. அதனால்தான் அந்தச் சிரிப்புக்கு மறுமொழி சொல்லவும் வழியில்லாமல் போயிற்று.

"நீர்தானே எல்லாத்தையும் செய்யிறீர், தனம். பிறகு பதவி எதுக்கு?"

இரண்டு நாள் கழித்து அவள் இன்னொரு தரம் கேட்டாள். அவர் இன்னொரு தரம் சிரித்தார். தோளிலும் தட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. விஷயம் முடிந்தது என்று இவர் நினைத்துக்கொண்டார்.

இவருக்கு இருந்த கவலை வேறு. யாழ்ப்பாணத்து மனுசன் பதவி கேட்டுப் போகலாமா? பந்தியில் இருக்கும்போது இன்னும் கொஞ்சக் கறி வேணுமோ என்று கேட்டால்கூட வேண்டாம் என்று இலைக்கு மேலே கையை விரிக்க வேண்டும், அவர்கள் விரல் இடுக்கால் ஊற்றிய பிறகு சாப்பிட வேண்டும். அதுதான் மரியாதை. கேட்காமல் கதிரை கைக்கு வர வேண்டும், வருகிறபோது தான் விரும்பாததுபோலவும் இருக்க வேண்டும். இதற்கு வழி என்ன என்று ரயிலிலும் யோசித்தார், கந்தோரில் வேலைக்கு நடுவிலும் யோசித்தார். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். இவருடைய ஆசைக்கு வெட்கமும் இருந்தது, அதனால்தான் இவ்வளவு பாடு.

வழி வீட்டு ஹோலுக்குள்ளேயே கிடந்தது.

தனலெட்சுமி மலேசியாவில் ஈப்போக்காரி. சீனக் கடைகள் வரிசையாக இருந்த தெருவில் வளர்ந்தவள். கண்டனீஸ் மொழி அவள் வாயில் தமிழ் மாதிரி வரும். கீழ் மாடியில் இருந்த ஹொங்கொங்காரி மிஸிஸ் லியோங்கும் அவளும் ஆஷ்ஃபீல்டில் ஒரு சீன வீடியோக் கடையிலிருந்து நாடக கசெற்றுகளை ஒரு பை நிறைய எடுத்துவந்து மாறி மாறிப் பார்ப்பார்கள். ஒரு நாடகம் என்றால் இருபது கசெற். கீழே ஆங்கில எழுத்து ஒன்றும் ஓடாது. பின்னேரம் ஆறு மணிக்கு அவள் கசெற்றைப் போட்டால் கணேசலிங்கம் பேப்பரைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவார். பதினேழு வருஷக் கலியாணத்தில் ஒரு நாடகமும் அவர் பார்த்ததில்லை.

அன்றைக்குத் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றவர் திரையைப் பார்த்துவிட்டார். ஒரு பெரிய மண்டபம். நடுவில் வெறுமையாக ஒரு கதிரை. சுற்றிப் பதினொரு ஆண்கள், அந்தக் கதிரையைப் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கணேசலிங்கத்துக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். பேசாமல் வந்து சோபாவில் இருந்தார்.

"உது என்ன கதை?"

தனலெட்சுமி ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "தேயிலை வியாபாரிங்க சங்கம். பழைய காலம். தலைவரு சாகக் கெடக்குறாரு. அந்த நாற்காலி யாருக்குன்னுதான் கதை."

"ஆரோ ஒருத்தி கதவுக்குப் பின்னாலை நிக்கிறாள்."

"அவதான் சுக் யீ. தேயிலை பொடைக்க வந்த வேலைக்காரி. இப்ப ரெண்டாவது முதலாளி பொண்டாட்டி. அவளுக்கு அந்த நாற்காலி வேணும்."

"பொம்பிளைக்கோ?"

"ஆமா."

கணேசலிங்கம் தலையை ஆட்டினார். அடுத்த நாளும் ஆறு மணிக்கு வந்து இருந்தார். அதற்கு அடுத்த நாளும். அவள் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்வாள், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். இந்தச் சுக் யீ சாதாரண ஆள் இல்லை. தங்கச்சிபோலப் பழகியவளின் கடிதத்தைத் திருடினாள். கிழவன் ஒருவனுக்குக் கால் பிடித்துவிட்டுக் கணக்கு எழுதும் வித்தை படித்தாள். பொய்ச் சத்தியம் செய்துவிட்டுக் கோயிலில் போய் ஊதுபத்தி கொளுத்தி அழுதாள்.

"கூடாத பொம்பிளை" என்றார் கணேசலிங்கம்.

"கெட்டவதான் லா. யாரு இல்லேன்னா?" தனலெட்சுமி கசெற்றை நிறுத்தினாள். "நம்ம படத்துல பொம்பளன்னா ஒன்னு அழணும், இல்லாட்டி சாகணும், அதுவும் இல்லாட்டி கடைசி ரீல்ல திருந்தணும். இவ ஆசப்படுறா. தப்புச் செய்றா. ராத்திரி முழுக்க அழறா. காலையில எழுந்து மொகத்தக் கழுவிட்டு மறுபடியும் ஆசப்படுறா. எனக்கு அவளப் பாத்தா பயமாவும் இருக்கு, பாவமாவும் இருக்கு. ஆனா பாக்காம இருக்க முடியல."

"உந்தளவு ஆசை ஒரு குடும்பப் பொம்பிளைக்கு என்னத்துக்கு?"

அவள் கசெற்றை ஓடவிட்டாள். கொஞ்ச நேரம் மொழிபெயர்ப்பு வரவில்லை. இவர் கேட்ட பிறகுதான் வந்தது.

மூன்றாம் கிழமை பதினாலாவது கசெற்றில் அந்தக் காட்சி வந்தது. வெண்தாடிப் பெரியவர் ஒருவர் மேசையில் இருந்தார். அவர் முன்னால் ஒரு கோப்பை. சுக் யீ கும்பிட்டு ஏதோ சொன்னாள். அவர் கையால் மறுத்தார். சுற்றி நின்றவர்கள் ஏதோ சொன்னார்கள். இரண்டாம் தரமும் மறுத்தார். மூன்றாம் தரமும் மறுத்தார்.

"என்னவாம்?"

தனலெட்சுமி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தலைவர் பதவிய எடுத்துக்குங்கன்னு கேக்குறாங்க. அவரு மாட்டேங்கிறாரு."

"விசரனோ? ஏன் மாட்டாராம்?"

"அது அவங்க வழக்கம்ங்க. பெரிய பதவின்னா மூணு தடவ வேணாம்னு சொல்லணும். மொத தடவ சொன்னா அடக்கம். ரெண்டாவது தடவ சொன்னா தகுதி. மூணாவது தடவ சொன்னா இவர விட்டா வேற ஆளே இல்லன்னு ஊரு முடிவு பண்ணிரும். நாலாவது தடவ அவங்களே தூக்கி உக்கார வச்சிருவாங்க."

திரையில் பெரியவர் கோப்பையை எடுத்துக் குடித்தார்.

"உது என்ன குடிக்கிறார்?"

"பதவி ஏத்துக்கிட்டா அத குடிக்கணும். அதுவும் வழக்கம்தான்." அவள் எழும்பிக் கசெற்றை நிறுத்தினாள். "அரிசி கழுவணும். மிச்சம் நாளைக்குப் பாக்கலாம்."

கணேசலிங்கம் ஒரு கொப்பியை எடுத்து, ஒன்று அடக்கம், இரண்டு தகுதி, மூன்று வேறு ஆளில்லை, நாலு கதிரை என்று எழுதிக்கொண்டார். சீனர் ஐயாயிரம் வருஷம் சும்மா இருந்திருப்பார்களா? எங்கடை பந்தி மரியாதையும் இதுதானே. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று அன்று ஒரு கோப்பைச் சோறு கூடச் சாப்பிட்டார். வேண்டியது கிடைத்துவிட்டதால் மிச்ச நாடகத்தை அவர் பார்க்கவில்லை.

பொதுக்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு நான்காம் வகுப்பு அறையில் நடந்தது. அறுபது பேர் சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில், முழங்கால் நாடிக்கு முட்ட இருந்தார்கள். ஐந்து மணிக்கு அறையைப் பூட்டித் திறப்பைக் கொடுக்க வேண்டும். செயலாளர் யோகா அன்ரி, ஒரு வசனமும் தப்பவிடாமல் எழுதுகிறவர், பேனையோடு எழும்பினார்.

"அதிபர் பதவிக்கு எங்கடை உப அதிபர் கணேசலிங்கத்தை முன்மொழியிறன்."

கைதட்டினார்கள். கணேசலிங்கம் எழும்பினார். முகத்தை நாடகத்துப் பெரியவரின் முகம்போல வைத்துக்கொண்டார்.

"நன்றி. ஆனால் வேண்டாம்."

தேவராஜா மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன கணேஸ், நீர் இல்லாட்டி ஆர்? எடும்."

அடக்கம் முடிந்தது, இனித் தகுதி. "இல்லை மாஸ்டர். என்னைவிடத் திறமான ஆக்கள் இந்தச் சபையில் இருக்கினம். அவைக்கு வழிவிடுறதுதான் முறை."

ஒரு சிலர் கைதட்டினார்கள். பின்னால் இருந்து ஒரு தகப்பன், "அண்ணை, பிள்ளையளுக்காக எடுங்கோ" என்றார்.

மூன்றாவது. இந்த மூன்றாவதை மனசை உருக்குகிற மாதிரிச் சொல்ல வேண்டும் என்று கணேசலிங்கம் இரண்டு நாளாகக் குளியலறையில் சொல்லிப் பார்த்திருந்தார். இதை அவருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தவளை தன் வாயால் கெட்ட இடம் இதுதான்.

"எனக்குப் பிரஷர் இருக்கு. கந்தோரிலையும் ஓய்வில்லை. உண்மையைச் சொன்னால் சனிக்கிழமையளில் ஒரு பொறுப்பும் எடுக்கக்கூடிய நிலைமையில் நான் இப்ப இல்லை. என்னை மன்னிக்க வேணும்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து நாலாவது கேள்விக்காகக் காத்துக்கொண்டு நின்றார். யோகா அன்ரியின் பேனை ஓடுகிற சத்தம் கேட்டது.

"பாவம்" என்றார் யோகா அன்ரி. "மனுசன் இவ்வளவு சொல்லுது. இனியும் கரைச்சல் குடுக்கிறது சரியில்லை. விடுவம்."

"ஓம், விடுவம்" என்றார் தேவராஜா மாஸ்டர். "பிரஷர் எண்டால் விளையாட்டில்லை. இரும் கணேஸ், இரும். தண்ணி குடியும்." யாரோ ஒரு போத்தல் தண்ணீரை அவர் கையில் திணித்தார்கள். அவர் இருந்தார். அவர் இருந்தது எட்டு வயசுப் பிள்ளையின் கதிரை.

"அப்ப ஆர்?" என்று மாஸ்டர் சபையைக் கேட்டார். ஒருவர் மற்றவரைப் பார்த்தார். இன்னொருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பின்வரிசையில் ஒரு கதிரை நகர்ந்தது.

"நான் செய்றேன்" என்றாள் தனலெட்சுமி.

சபை திரும்பியது. அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். "எட்டு வருஷமா இந்த வேலைய நான்தான் செய்றேன். அது உங்க எல்லாருக்கும் தெரியும். பேரு இல்லாம செஞ்சேன். இனிமே பேரோட செய்யணும்னு எனக்கு ஆசையா இருக்கு. யாரும் கேக்காமலே சொல்றேன், எனக்கு வேணும்."

இப்படி ஒரு பேச்சு அந்தப் பள்ளிக்கூடத்தில் அதுவரை நடந்ததில்லை. மூன்று நிமிஷத்தில் முன்மொழிந்து, வழிமொழிந்து, கைதட்டி முடித்தார்கள். பெண்கள் கொஞ்சம் கூடுதலாகக் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் கணேசலிங்கம் ஒரு சொல் பேசவில்லை. அடுத்த மூன்று நாளும் பேசவில்லை. தனலெட்சுமிமேல் கோபமா என்றால் அதுவும் இல்லை. பாவம், கதிரை வெறுமையாகக் கிடந்தது, அவள் இரக்கப்பட்டு எடுத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தார். பிழை தன்னுடைய நடிப்பில். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இடைவெளி போதவில்லையோ? பெரியவர் கையை எந்தப் பக்கம் ஆட்டினார்? வியாழக்கிழமை கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு, தனலெட்சுமி வேலைக்குப் போன பிறகு பதினாலாவது கசெற்றில் பெரியவர் கோப்பையைக் குடிக்கிற இடம்வரைக்கும் ஐந்து தரம் போட்டுப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. ஒவ்வொரு சொல்லாகக் கேட்டால்தான் சூட்சுமம் தெரியும் என்று கசெற்றைத் தூக்கிக்கொண்டு கீழ் மாடிக்குப் போனார்.

மிஸிஸ் லியோங் அவரை உள்ளே விட்டுக் காட்சியைப் போட்டுப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், நிதானமாக, "சூப்" என்றார்.

"என்ன?"

"அந்தக் கிழவர் சூப் வேண்டாம் என்கிறார். மூன்று தரம் சொல்கிறார்."

"ஏன் வேண்டாமாம்?"

"அவளில் சந்தேகம். அவள் சூப்பில் நஞ்சு போட்டிருக்கிறாள்."

கணேசலிங்கம் திரையைத் தொட்டுக் காட்டினார். "கதிரை? தலைவர் பதவி?"

"இந்தக் காட்சியில் கதிரை இல்லை. சூப் மட்டும்தான்."

"நாலாவது தரம் கேட்டபோது என்ன நடந்தது?"

"குடித்தார். செத்துப்போனார்." மிஸிஸ் லியோங் கசெற்றை எடுத்து உறைக்குள் போட்டார். "கதிரை அடுத்த கசெற்றில் வரும். அவளை ஒருவரும் கூப்பிடவில்லை, அவளே போய் இருந்தாள். நல்ல பெண் இல்லை. ஆனாலும் நான் அவளுக்காக அழுதேன்."

கணேசலிங்கம் படியேறி வந்து ஹோலில் விளக்குப் போடாமல் இருந்தார். தனலெட்சுமி ஐந்தரைக்கு வந்தாள். நேரே குசினிக்குப் போய் வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள். அவர் குசினி வாசலில் போய் நின்றார்.

"அது சூப்."

அவள் கை நின்றது. திரும்பாமல், "ஆமா" என்றாள்.

"என்னட்டைப் பொய் சொன்னனீர்."

"சொன்னேன்." கத்தியைக் கீழே வைத்தாள். "நாலு நாளா எனக்குச் சோறு எறங்கல. செஞ்சது தப்புதான். இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

"நேர என்னட்டைக் கேட்டிருக்கலாமே, தனம்."

"கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவையும் சிரிச்சீங்க." அவள் இப்போது திரும்பினாள். கண் சிவந்திருந்தது, வெங்காயத்தால் மட்டும் இல்லை. "பதினேழு வருஷம் கூட இருக்கிற பொண்டாட்டி ஆசைய சொன்னா உங்களுக்கு வேடிக்கையா இருக்கு. சீன நாடகத்துல யாரோ சொன்னா உக்காந்து நோட்டு எடுக்கறீங்க."

அந்தச் சிரிப்பு கணேசலிங்கத்துக்கு ஞாபகம் வந்தது. தோளில் தட்டியதும் ஞாபகம் வந்தது. மேசை ஓரத்துக் கதிரையை இழுத்து அதில் இருந்தார். மனுசனுக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. இவ்வளவு காலமும் இவள் செய்த வேலைக்குத் தான் ஊரெல்லாம் நாங்கள் என்று பேர் வாங்கியது இப்போதுதான் நெஞ்சில் குத்தியது.

"மறுபடியும் இப்படிச் செய்வியான்னு கேட்டா, செய்வேன்னுதான் தோணுது" என்றாள் அவள். "அதையும் நெனச்சா எனக்கு வெக்கமா இருக்கு. நீங்க வேணாம்னா சொல்லுங்க, எழுதிக் குடுத்துட்டு வந்துர்றேன்."

வெளியே சிட்னி ரயில் ஒன்று போனது. அது போய் முடியும்வரைக்கும் கணேசலிங்கம் யோசித்தார். பிறகு எழும்பி, வாழ்க்கையில் முதல் தரமாக, அவளுடைய வெங்காயத்தில் பாதியைத் தன் பக்கம் இழுத்தார்.

"எழுதிக் குடுக்க வேண்டாம். உமக்குத் தகுதி இருக்கு, உமக்கு ஆசையும் இருக்கு. எனக்கு ஆசை மட்டும்தான் இருந்தது." இவ்வளவு பெரிய மனசு தனக்கு இருக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. "நீர் அதிபரா இரும். எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. நான் பழையபடி உப அதிபரா உமக்குப் பக்கத்திலை இருப்பன்."

தனலெட்சுமி அவர் கையைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள். விட மனம் இல்லாததுபோல இருந்தது.

"அதுக்கு நேத்துக் கமிட்டியில வேற ஆளப் போட்டாச்சுங்க" என்றாள். "சனிக்கிழமையில ஒரு பொறுப்பும் எடுக்க முடியாதுன்னு நீங்க சொன்னத யோகாக்கா மினிட்ஸ்ல எழுதி, கையெழுத்தும் ஆயிருச்சு."